பார்த்திபன் கேட்ட கட்டி

செஞ்சி
9.2.2025

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். கடைசியில் இப்படியே எழுதிவிட்டேன்.

உன் தம்பி பார்த்திபனை எடுத்துச் சென்ற அன்று நானும் அம்மாவும் வந்திருந்தோம். நீ பார்த்திருக்கமாட்டாய். உங்கள் தெரு முனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மா அதற்கு மேல் வரவில்லை. சத்துமாவுப் பொட்டலம் கொடுக்க வரும்போது மட்டும்தான் உங்கள் வாசல் வரை வருவார். அன்று கையில் பொட்டலம் இல்லை. எப்படி வருவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு சின்னத் துணியில் ஒரு பிள்ளையைச் சுற்ற முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நீயும் உன் அம்மாவும் தொண்டூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டதாக வகுப்பில் சொன்னார்கள். திரும்பி வரமாட்டீர்கள் என்றும் சொல்கிறார்கள். உன் அம்மாவின் போனை உன் அப்பா எடுக்கிறார். உன் மாமா போனில் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். தபால் நிலையத்தில் இன்லண்ட் லெட்டர் கேட்டதும் அங்கிருந்த அண்ணன், "யாருக்குமா, லவ் லெட்டரா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. என் பையை வைத்திருக்கிறேன். அறிவியல் நாளுக்கு ரஞ்சிதம் மிஸ் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். பொட்டல உணவில் என்னென்ன சேர்க்கிறார்கள், அவை பாதுகாப்பானவையா என்று ஒரு பொருளை எடுத்துப் பேச வேண்டும். நான் கோகோ தூளை எடுத்திருக்கிறேன். அம்மாவின் மகளிர் குழு சாக்லேட் சத்துமாவுக்கு அரசு உரிமம் வாங்கப் போகிறது, அதற்கும் உதவும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

உன்
மோனிகா


தொண்டூர்
14.2.2025

மோனி,

லெட்டர் வந்துச்சு. மாமா பிரிச்சுப் பாத்துட்டுதான் குடுத்தாரு.

பைய எடுத்துடு. நான் வரல. இங்கயே ஸ்கூல் பாக்குறாங்க.

ஏன் வந்துட்டோம்னு ஊர்ல இன்னா சொல்றாங்களோ தெரியல, நான் சொல்றேன் கேளு. டாக்டர் என்னா சொன்னாரு, வயித்துக்குள்ள போன ஏதோ ஒன்னுல இருந்து கிருமி ரத்தத்துல கலந்துடுச்சுன்னாரு. அவ்ளோதான். ஒடனே பெரியப்பா, புயல் மழையில கெணத்துக்குள்ள வெள்ளம் பூந்துச்சே, அந்தத் தண்ணிய இவ காய்ச்சாம குடுத்துட்டான்னு ஆரம்பிச்சாரு. அம்மா காய்ச்சுச்சு மோனி. டெய்லி காய்ச்சுச்சு. நான் அடுப்புப் பக்கத்துல ஒக்காந்துதான் படிப்பேன், எனக்குத் தெரியாதா? காரியத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும், பெத்தவளே கொன்னுட்டான்னு சொன்னாரு. நைனா தலைய குனிஞ்சுக்கினு நின்னாரு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. அன்னிக்கு சாயங்காலமே அம்மா கெளம்பிடுச்சு.

இப்ப அம்மாவே நம்ப ஆரம்பிச்சுடுச்சு. டெய்லி ஒன்னு கேக்குது. அந்த வாழப்பழமா? கீரையில மண்ணு இருந்துச்சா? பால் பொங்குனதும் எறக்கிட்டனோ, இன்னும் கொஞ்சம் வுட்டிருக்கணுமோ? நேத்து அத்தை, அந்த சாக்லேட் மாவுல இன்னா கெமிக்கலோன்னு ஒரு பேச்சு பேசுச்சு. இன்னிக்கு அதப் புடிச்சிக்கினு இருக்குது. நீதான் படிக்கிறியே. கோகோ புள்ளைங்களுக்கு ஆவுமா ஆவாதா? அம்மா கேக்கச் சொல்லுது.

ஜெயஸ்ரீ


செஞ்சி
20.2.2025

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

உன் கடிதம் வந்ததும் நூலகத்துக்கு ஓடினேன். இருந்த புத்தகங்களைப் பார்த்தேன். ரஞ்சிதம் மிஸ்ஸின் போனிலும் தேடினோம். உன் அம்மாவிடம் இதை நிதானமாகப் படித்துக் காட்டு.

கோகோ கெமிக்கல் இல்லை. அது ஒரு மரத்தின் விதை. காயை உடைத்து, விதையை இலைபோட்டு மூடிப் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்து, கொழுப்பைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் தூள். நாய்க்குத்தான் அது விஷம், நமக்கு இல்லை. சில ஊர் மண்ணில் விளையும் கோகோவில் காட்மியம் என்ற உலோகம் சேர்ந்திருக்கலாம். ஆனால் அது பல வருடம் தின்றால் வரும் கேடு. நன்றாக இருந்த பிள்ளையை ஒரே வாரத்தில் படுக்கவைக்காது. தூளில் ஈரம் மிகக் குறைவு, அதனால் கிருமி அதில் பெருக முடியாது. தண்ணீர்தான் கோகோவின் எதிரி என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. பெரிய ஆலைகளில் கோகோ அரைக்கும் அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூட மாட்டார்களாம்! இந்த வரியை என் பேச்சில் சேர்த்துவிட்டேன்.

என் அம்மாவின் வேலையும் உனக்குத் தெரியும். குளித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். தலையில் துணி கட்டாமல் கூட வேலை செய்யும் பூவாயி அக்காவைக்கூட உள்ளே விடமாட்டார். "நம்ம தெருவுல இருந்து போற சாப்பாட்ட அவங்க புள்ளைங்க வாயில வெக்கிறாங்கடி, ஒரு முடி கெடந்தாலும் முடிஞ்சுபோச்சு" என்பார். உங்கள் தெருவிலிருந்து முதலில் வாங்கியது உன் அம்மாதான். அதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே உன் அம்மாவிடம் உறுதியாகச் சொல்: கோகோ இல்லை.

உன்
மோனிகா


தொண்டூர்
26.2.2025

மோனி,

உன் லெட்டர ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டுனேன். புளிக்க வெக்கிறத கேட்டுட்டு, "இட்லி மாவு மாதிரியா?"ன்னு கேட்டுச்சு அம்மா. இங்க வந்ததுல இருந்து அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்ல. கொஞ்சம் சோறும் சாப்டுச்சு. தேங்க்ஸ்டி.

உன்கிட்ட சொல்லல. தம்பி குடிச்சுட்டு மீதி வெச்ச மாவுப் பொட்டலத்த அம்மா துணிக்குள்ள சுருட்டி எடுத்துக்கினு வந்திருக்குது. சாயங்காலமான்னா பிரிச்சு மோந்து பாக்கும். அவன் வாயி அப்படித்தான் வாசன அடிக்கும்னு சொல்லும். கஞ்சிய விட அவனுக்கு அதுல இருக்குற கட்டிதான் புடிக்கும். இந்தப் பொட்டலத்துல அங்கங்க கருப்பா கட்டி கட்டியா இருக்குதில்ல, முன்ன வாங்குனதுல இருக்காது, இதுலதான். அம்மா மாவ கிளறி, பொறுக்கி அவன் வாயில போடும். சாக்லேட்டுன்னு நெனச்சிக்கினு நறுக்கு நறுக்குன்னு கடிப்பான். கட்டின்னு சொல்ல வராது, "கத்தி, கத்தி"ன்னு கைய நீட்டுவான். நைனாகூட "எவன்டா அவன் கத்தி கேக்குறது, ரவுடியாடா நீ?"ன்னு தூக்கிக்குவாரு.

நீ கோகோ இல்லன்னு சொன்னதும் அம்மா ஒரு முடிவு பண்ணியிருக்குது. மாமா பையன் ரஞ்சித் இருக்கானே, நடக்க ஆரம்பிச்சிருக்கான். வீணாப் போறதுக்கு அவனாவது தின்னட்டும், அந்தக் கட்டிய அவனுக்குப் பொறுக்கிக் குடுத்தா என் மனசு ஆறும்னு சொல்லுது. சனிக்கெழம அவனுக்கு மொட்ட போட்டுக் கூட்டினு வராங்க, அன்னிலருந்து குடுக்கும்.

ஜெயஸ்ரீ


தொண்டூர்
3.3.2025

மோனிகா,

நீ இன்னாத்துக்கு வந்த?

பஸ்ஸுல வந்து எறங்கி, வா உள்ளன்னு கூப்பிட்டா வரல. தண்ணி குடிக்கல. அம்மா ரஞ்சித்த மடியில வெச்சிக்கினு பொட்டலத்த பிரிக்குது, நீ ஓடியாந்து கையிலருந்து புடுங்குற. ஏன்னு கேட்டா வாயத் தொறக்கல. அப்படியே ஓடிப்போயி அதே பஸ்ஸுல ஏறிட்ட. மாமா, "பைத்தியமா அந்தப் பொண்ணு?"ன்னு கேட்டாரு. அம்மா தரையில கொட்டுன மாவ ஒத்த வெரலால தொட்டு தொட்டு எடுத்துக்கினு ஒக்காந்திருந்துச்சு. அத்தை தொடப்பம் போட்டுப் பெருக்கிடுச்சு. அதுக்குதான் அம்மா அழுத அழுகைய நீ பாத்திருக்கணும்.

எங்ககிட்ட அவனோடது இருந்தது அது ஒன்னுதான்.

காரணம் எழுது. இல்லன்னா இனிமே எழுதாத.

ஜெயஸ்ரீ


செஞ்சி
6.3.2025

ஜெயஸ்ரீ,

காரணம் எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது படிக்காதே. முதலில் நீ தனியாகப் படி.

வெள்ளிக்கிழமை அறிவியல் நாளில் பேசினேன். தண்ணீர்தான் கோகோவின் எதிரி என்று மைக்கில் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். சொல்லும்போதுகூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மறுநாள் காலையில் உன் கடிதம் வந்தது. கட்டி கட்டியாக இருக்கிறது, முன்பு வாங்கியதில் இருக்காது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

டிசம்பர் புயலில் எங்கள் குழுவின் தகரக் கொட்டகை ஒழுகியது உனக்குத் தெரியாது. கேழ்வரகு டிரம்மில் இருந்ததால் தப்பியது. கோகோ சாக்கு தரையில் இருந்தது, அடிப்பக்கம் நனைந்துவிட்டது. வெயில் வந்ததும் அம்மாவும் பூவாயி அக்காவும் அதைக் கோட்டைக்குப் பின்னால் இருக்கும் பாறையில் பழைய சேலை விரித்துக் காயவைத்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, ஜெயா. நெல் நனைந்தால் அங்கேதான் காயவைக்கிறோம். மிளகாயும் அங்கேதான். உங்கள் வீட்டு மல்லாட்டையும் அன்று பக்கத்திலேயே காய்ந்தது. மைனாவும் ஓணானும் எல்லாவற்றின் மேலும்தான் ஓடின. மல்லாட்டையில் கடலைக்கு மேல் தோல் இருக்கிறது, நெல்லுக்கு உமி இருக்கிறது. கோகோவுக்கு ஒன்றும் இல்லை என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

மைனா, ஓணான் எச்சத்திலிருந்து ஒட்டிய கிருமி, தூள் ஈரமாக இருந்த அந்த நாட்களில் பெருகியிருக்கும். வெயிலில் தூள் காயும், கிருமி சாகாது. காய்ந்த தூளுக்குள் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். கோகோவில் இருக்கும் கொழுப்பு அதைப் பொதிந்துகொண்டு வயிற்றுப் புளிப்பைக்கூடத் தாண்ட வைக்குமாம். ரஞ்சிதம் மிஸ் சொன்னார். அம்மா கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் வறுப்பார். கோகோவை மட்டும் வறுக்கமாட்டார். சூடு பட்டால் கசக்கும் என்று, அரைத்து ஆறிய மாவில் கடைசியாகக் கலப்பார். காய்ந்து இறுகியதை உதிர்த்துச் சலித்துத்தான் போட்டார்கள், சில கட்டிகள் தப்பிவிட்டன. கஞ்சியாகக் கொதித்தால் கிருமி செத்துவிடும். வாங்கிய மற்ற வீடுகளில் ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

உன் அம்மா தண்ணீரைக் காய்ச்சினார். பாலைக் காய்ச்சினார். கஞ்சியையும் காய்ச்சினார். பார்த்திபன் கட்டியை அப்படியே தின்றான்.

கோகோ இல்லை என்று நான்தான் எழுதினேன். அதை நம்பித்தான் உன் அம்மா ரஞ்சித்தை மடியில் உட்கார வைத்தார். பஸ்ஸில் வரும்போது, தாமதமாகிவிட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. உங்கள் முன்னால் வாய் திறக்க முடியவில்லை. என் அம்மாவிடம் சொல்லாமல் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பொட்டலத்தை அம்மா முன்னால் வைத்தேன். "இன்னாடி இது?" என்றார். சொன்னேன். பாதியிலேயே பூவாயி அக்கா குறுக்கே வந்துவிட்டார்.

"ஏய், நிறுத்துடி. நாலு எழுத்து படிச்சுட்டா டாக்டரா நீ? செத்த புள்ள எழுந்து வரப்போவுதா?"

அம்மா ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அது உடையவில்லை.

பூவாயி அக்கா அம்மா பக்கம் திரும்பினார். "கலை, வாய மூடிக்கினு இரு. இது வெளிய போச்சுன்னா மழையில நனைஞ்சுதுன்னு எவனும் சொல்லமாட்டான். எந்தத் தெரு கையின்னுதான் சொல்லுவான். நாளைக்கு நம்ம புள்ளைங்க தண்ணி மொண்டு குடுத்தாக்கூட வாங்கமாட்டானுங்க."

நானும் அதையேதான் நினைத்தேன் ஜெயா. பூவாயி அக்கா வாயால் கேட்டபோது ஆமாம் ஆமாம் என்றுதான் என் மனம் சொல்லிற்று. இதை உன்னிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அம்மா கட்டியைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டார். பிறகு, "அங்க ஒருத்தி நம்ம பழியத் தூக்கி வயித்துல கட்டிக்கினு ஒக்காந்திருக்கா, பூவாயி. எனக்குச் சோறு எறங்குமா?" என்றார்.

விற்ற பொட்டலங்களை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிவிட்டார். கேட்டவர்களுக்கு மாவு நனைந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். நாளை காலை உன் அப்பா வீட்டுக்குப் போகிறார். எல்லாவற்றையும் சொல்லப் போகிறார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ ஸ்கூலுக்குப் போ" என்றார்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. எந்த வார்த்தையை எழுதினாலும் சின்னதாக இருக்கிறது.

மோனிகா


செஞ்சி
6.4.2025

மோனிகா,

மேல செஞ்சின்னு போட்டிருக்கேன் பாத்தியா. வந்துட்டோம்.

உன் லெட்டர அம்மாகிட்ட படிச்சேன். தனியா படின்னு சொல்லியிருந்த, படிச்சேன், அப்புறம் அம்மாவுக்கும் படிச்சேன். தப்பு இல்லன்னு தெரிஞ்சா அழுகை நின்னுடும்னு நெனச்சேன். அம்மா தன் வெரலயே பாத்துக்கினு இருந்துச்சு. அப்புறம், "பொறுக்கி வாயில போட்டது இதுதான்டி"ன்னு சொல்லுச்சு.

உங்க அம்மா எங்க வீட்டுக்கு வந்தத நைனா சொன்னாரு. வாசப்படிக்குக் கீழ நின்னு எல்லாத்தையும் சொன்னாங்களாம். பெரியப்பா அடிக்கக் கை ஓங்குனாராம், நகரலையாம். நைனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "அப்ப அவ தண்ணி காய்ச்சலன்னு நாங்க சொன்னது?" உங்க அம்மா, "காய்ச்சினாங்க விநாயகம் அண்ணே, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல"ன்னு சொன்னாங்களாம். நைனா அங்கயே திண்ணையில ஒக்காந்துட்டாராம்.

அன்னிக்கே வண்டிய எடுத்துக்கினு தொண்டூர் வந்தாரு. மன்னிச்சுக்கோன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். "சாப்டியா ஜெயக்கொடி?"ன்னு கேட்டாரு. அம்மா "ம்"னுச்சு. அவ்ளோதான். ஆனாலும் ஒடனே வரல. சாப்பாட்டுப் பொருள செக் பண்ற ஆபீசருங்க உங்க கொட்டகையிலருந்து எடுத்துக்கினு போன மாவுல அந்தக் கிருமி இருக்குதுன்னு ரிப்போர்ட் வந்தப்புறம்தான் பொட்டிய கட்டுச்சு. பெரியப்பா முன்னாடி அத நைனா வாயால படிக்க வெச்சுது.

உன்மேல கோவம் இருக்குது. கோகோ இல்லன்னு எவ்ளோ தைரியமா எழுதுன நீ. ஆனா ரஞ்சித் இப்ப ஓடுறான். போன்ல "ஜெயா, ஜெயா"ன்னு கத்துறான். அத நெனைக்கறப்ப கோவத்த எங்க வெக்கிறதுன்னு தெரியல.

நீங்க பயந்த மாதிரிதான் நடக்குது. பெரியப்பா மழையப் பத்தி பேசுறதில்ல, பாறையப் பத்தியும் பேசுறதில்ல. தெருவப் பத்திதான் பேசுறாரு. நம்ம மல்லாட்டையும் அங்கதான் காஞ்சுதுன்னு அம்மா சொல்லுச்சு. "நீ சும்மா இரு"ன்னுட்டாரு. நைனா என்னக் கூப்பிட்டு, அந்தப் பொண்ணோட சேராதன்னு சொன்னாரு. அவரு மொகத்தப் பாத்துட்டு நான் சரின்னுட்டேன்.

நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன். வேற பெஞ்சுல ஒக்காருவேன். கோச்சுக்காத.

இந்த லெட்டர கையில குடுத்திருக்கலாம். ரெண்டு தெருதான். ஆனா தபால்லதான் போடுறேன்.

ஜெயஸ்ரீ


செஞ்சி
13.4.2025

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

நீ வகுப்புக்குள் வந்ததைப் பார்த்தேன். நீ வருவதற்கு முன்பே என் பையை எடுத்துவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாய். இளைத்துவிட்டாய். பரீட்சையில் உன் ஸ்கெட்ச் பேனா என் காலடிக்கு உருண்டு வந்தது, எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன். நீ எடுத்துக்கொண்டாய். அது போதும்.

குழுவைக் கலைத்துவிட்டார்கள். அம்மா இப்போது ஏரி வேலைக்குப் போகிறார். கொட்டகையில் சல்லடையும் டிரம்மும் கவிழ்ந்து கிடக்கின்றன. பூவாயி அக்கா எங்களோடு பேசுவதில்லை. உங்கள் தெருவழியாகப் போனால் சீக்கிரம் என்றாலும் அம்மா சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் அம்மா வீட்டில் சொல்லியிருக்கமாட்டார்.

நேற்று ரேஷன் கடைக்கு அம்மாவோடு போயிருந்தேன். வரிசை நீளம். அம்மா வந்து நின்றதும் முன்னால் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். மரியாதைக்கு விட்ட இடம் இல்லை அது. ஒருவர் தன் பையைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டார். அம்மா தலை நிமிரவில்லை. அந்த வரிசையில் உன் அம்மாவும் இருந்தார், எங்களுக்கு நாலைந்து பேருக்கு முன்னால். அரிசி வாங்கிய பிறகும் போகவில்லை. கதவோரமாக நின்றார்.

எங்கள் முறை வந்தது. அம்மாவின் பை பழையது, வாய் மடங்கி மடங்கி விழுகிறது. நான் மண்ணெண்ணெய் கேனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "பையப் புடிமா, சிந்துது" என்று அதட்டினார். அம்மா பையின் வாயை விரித்தார், அது மறுபடி மடங்கிற்று.

உன் அம்மா வந்து குனிந்தார். பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். என் அம்மாவைப் பார்க்கவில்லை. என் அம்மாவும் பார்க்கவில்லை. தகரக் குழாய் வழியாக அரிசி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசி அரிசி மணி விழும் வரை உன் அம்மா பையைப் பிடித்திருந்தார்.

மோனிகா